கலாநிதிப் பட்டத்துக்குப் பிறகு: ஓர் ஆய்வாளரின் தொழில்வாழ்வு குறித்துச் சில குறிப்புகள்

நான் வேலை செய்யும் தொழிற்சாலை கோலியர்ஸ் வுட் நிலக்கீழ் ரயில் நிலையத்திலிருந்து பதினைந்து நிமிட நடையில், வாண்டில் ஆற்றை ஒட்டிய தொழிற்பேட்டை ஒன்றில் இருக்கிறது. கடைகளுக்குச் சான்ட்விச் செய்து அனுப்புகிறோம். லைனில் எனக்கு எதிரே நிற்பவர் ஊரில் கூட்டுறவுச் சங்கமொன்றில் முகாமையாளராக இருந்தவர். நான் ஒருகாலத்தில் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவன் என்பது அவருக்குத் தெரியவந்த நாளிலிருந்து என்னைச் 'சேர்' என்றுதான் கூப்பிடுகிறார். வேண்டாமென்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. ஒரே நீலநிறத் தலைவலையுடன், ஒரே மணிக்கூலிக்கு எதிரெதிரே நின்றுகொண்டு ஒருவர் மற்றவரைச் 'சேர்' என்பதைப் பார்த்துப் போலந்துக்காரச் சூப்பர்வைசர் நான் ஏதோ பிரபு வம்சம் என்று நினைத்திருக்கிறார்.

இரண்டு மாதங்களுக்கு முன் ஓர் இரவு இடைவேளையில் அவர் கேட்டார். "சேர், சின்னவன் கலத்தைப் பற்றிப் படிச்சு டொக்டர் பட்டமும் எடுத்திட்டான். இப்ப ஜேர்மனியில இரண்டு வரிய வேலையாம். அதுக்குப் பிறகு என்னவெண்டு கேட்டா, இன்னொரு இரண்டு வரியம் வேற எங்கையாவதாம். அதுக்குப் பிறகு தெரியாதாம். இதென்ன படிப்பு சேர்? இருபது வரியம் படிச்சவனுக்கு ஒரு நிரந்தர வேலை இல்லையோ? நீங்கள் ஒருக்கா அவனோட கதைச்சுப் பாருங்கோ."

மகனுடைய மூளையில் பிழையா, படிப்பில் பிழையா, நாட்டில் பிழையா என்பதே அவருடைய கேள்வியின் சாரம். இதற்கு எங்களிடம் தயாராக ஒரு பதில் உண்டு. எந்த ஒன்றுகூடலில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளையைப் பற்றிப் பேச்செடுத்தாலும் யாராவது ஒருவர், "வெங்கி ராமகிருஷ்ணன் சிதம்பரத்தில் பிறந்த தமிழன்தானே, நோபல் பரிசு எடுக்கவில்லையா?" என்பார். தமிழ் மூளை எங்கு போனாலும் வெல்லும் என்பது இதன் உட்பொருள். அப்படியானால் வெல்லாதவன் மூளை குறைந்தவனா என்று யாரும் கேட்பதில்லை. நண்பருடைய கேள்விக்குப் பதில் தேட நான் அந்த ராமகிருஷ்ணனுடைய தொழில்வாழ்வையே எடுத்து, அவர் 2018இல் எழுதிய நூலையும் பிற குறிப்புகளையும் வைத்துக்கொண்டு ஆண்டாண்டாகப் பார்த்தேன். அதில் கண்டவற்றை இங்கு எழுதுகிறேன். எம்மில் பலர் ஏதோவொரு படிப்பைப் பாதியில் விட்டுவந்தவர்கள் என்பதால் இது விஞ்ஞானம் படித்தவர்களுக்கு மட்டும் உரிய விடயமல்ல.

முதலில் இந்தத் தொழில் எப்படி அமைந்திருக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். எமது ஊரில் ஒருவர் முதல் வகுப்பில் சித்தியடைந்தால் உதவி விரிவுரையாளர் ஆவார், பிறகு புலமைப்பரிசிலில் வெளிநாடு போய்க் கலாநிதியாகித் திரும்பி வருவார், காத்திருந்த நாற்காலியில் அமர்வார். நாற்காலி முதலில், பட்டம் பிறகு. இங்கு அது தலைகீழ். மூலக்கூற்று உயிரியலோ கல உயிரியலோ படிப்பவர் மூன்று நான்கு ஆண்டுகள் உதவித்தொகையில் கலாநிதிப் பட்டம் முடிக்கிறார். அதன்பின் 'போஸ்ட்டொக்' என்று சொல்லப்படும் தற்காலிக ஆய்வுப்பணி. இன்னொருவருடைய ஆய்வுகூடத்தில், இன்னொருவர் பெற்ற நிதியில், இரண்டு அல்லது மூன்று ஆண்டு ஒப்பந்தம். நிதி முடிந்தால் வேலையும் முடிந்தது. இப்படி ஒன்று, இரண்டு, சிலவேளை மூன்று. அதற்குள் நல்ல சஞ்சிகைகளில் கட்டுரைகள் வெளிவந்திருந்தால் சொந்தமாக ஒரு சிறு குழுவை நடத்தப் போட்டியிடலாம். அங்கும் ஐந்தாறு ஆண்டுகள் சோதனைக்காலம். நிரந்தர நியமனம் அதற்கும் அப்பால். முப்பத்தைந்து வயதில் ஒருவர் இன்னும் 'ஆரம்பநிலை ஆய்வாளர்' என்று அழைக்கப்படும் தொழில் உலகத்தில் வேறு எத்தனை உண்டோ தெரியாது.

எத்தனை பேர் கடைசிவரை போகிறார்கள்? பிரித்தானியாவின் ரோயல் சொசைட்டி 2010இல் வெளியிட்ட அறிக்கை ஒன்றில் ஒரு படம் இருக்கிறது. இந்நாட்டில் விஞ்ஞானத்தில் கலாநிதிப் பட்டம் பெறும் நூறு பேரில் ஏறத்தாழ 53 பேர் பட்டம் பெற்றதுமே விஞ்ஞானத்துக்கு வெளியே போய்விடுகிறார்கள். பல்கலைக்கழகங்களில் நிரந்தர ஆய்வுப் பதவியை அடைவோர் 3.5 வீதம். பேராசிரியர் ஆவோர் 0.45 வீதம், அதாவது இருநூறில் ஒருவர்கூட இல்லை. நண்பர் மகனுக்கு நிரந்தர வேலை இல்லாதது விதிவிலக்கல்ல, அதுதான் விதி. இந்த அறிக்கையை வெளியிட்ட சபைக்கே 2015 முதல் 2020 வரை தலைவராக இருந்தவர் ராமகிருஷ்ணன் என்பது ஒரு தற்செயல்.

இனி அவருடைய கதைக்கு வருகிறேன். 1952இல் சிதம்பரத்தில் பிறந்தார். மூன்று வயதில் குடும்பத்துடன் குஜராத்தின் பரோடாவுக்குப் போய்விட்டார். தகப்பன் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் உயிரிரசாயனத் துறையைத் தொடக்கி நடத்தியவர், தாயும் கலாநிதிப் பட்டம் பெற்றவர். தங்கை லலிதாவும் பின்னாளில் காசநோய்க் கிருமி பற்றிய ஆய்வில் பெயர்பெற்று, இன்று கேம்பிரிட்ஜில் பேராசிரியராக இருக்கிறார். தமிழ்ப் பிராமணக் குடும்பம், ஆங்கிலவழிப் பள்ளி, வீட்டுக்குள்ளேயே ஆய்வு பற்றிய பேச்சு. இந்த முதலீடுகளைக் கணக்கில் எடுக்காமல் 'தமிழ் மூளை' பற்றிப் பேசுவது எங்களுடைய பழைய வியாதி. அவரோ 2009இல் பரிசு அறிவிக்கப்பட்டபின் இந்தியாவிலிருந்து வந்து குவிந்த வாழ்த்து மின்னஞ்சல்களால் சலித்துப்போய், தேசியம் என்பது பிறப்பின் ஒரு தற்செயல் என்ற கருத்துப்படப் பேசிப் பலருடைய மனத்தைப் புண்படுத்தினார். எனக்கு அதில் கோபம் வரவில்லை.

இத்தனை வசதியிருந்தும் பாதை நேராக இருக்கவில்லை. ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்விலும் வேலூர் மருத்துவக் கல்லூரித் தேர்விலும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. பரோடாவில் பௌதிகவியல் படித்து 1971இல் பட்டம் பெற்றார். அமெரிக்காவில், பெரும்புகழ் எதுவுமில்லாத ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் 1976இல் பௌதிகவியலிலேயே கலாநிதியானார். அந்த ஆய்வு தனக்குச் சலிப்பூட்டியது என்று அவரே எழுதியிருக்கிறார். உயிரியலில்தான் கண்டுபிடிக்க நிறைய இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் உயிரியல் தெரியாது.

அப்போது அவர் செய்த காரியத்தை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். கலாநிதிப் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மனைவி பிள்ளைகளுடன், 24ஆவது வயதில் கலிபோர்னியாவின் சான் டியேகோவில் உயிரியல் மாணவனாக மறுபடி சேர்ந்தார். இரண்டு ஆண்டுகள் அடிப்படைப் பாடங்களைப் படித்தார். இரண்டாவது பட்டம் எதையும் முடிக்கவில்லை, தேவையானதைக் கற்றுக்கொண்டதும் 1978இல் யேல் பல்கலைக்கழகத்தில் பீற்றர் மூர் என்பவரிடம் போஸ்ட்டொக் ஆகப் போனார். ரைபோசோமை முதன்முதலில் கையில் எடுத்தது அங்குதான்.

ரைபோசோம் என்றால் என்ன என்பதை விரிவுரையாளனாக இருந்த காலத்தில் கரும்பலகையில் வட்டம் போட்டுச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இரண்டு வட்டம், ஒன்று சிறிது, மற்றது பெரிது. உயிருள்ள கலம் ஒவ்வொன்றுக்குள்ளும் புரதம் செய்யும் இயந்திரம் இது. டிஎன்ஏயில் எழுதப்பட்ட கட்டளையின் பிரதி ஒரு நாடாவாக வந்து சேர்கிறது. சிறிய பகுதி அந்த நாடாவை மூன்று மூன்று எழுத்தாக வாசிக்கிறது. அந்த மூன்றெழுத்துக்கு உரிய அமினோ அமிலத்தைச் சுமந்துகொண்டு வேறொரு சிறு மூலக்கூறு வருகிறது. சரியானது வந்ததா என்று சிறிய பகுதி சரிபார்த்தபின் பெரிய பகுதி அதைச் சங்கிலியில் பொருத்துகிறது. பற்றீரியாவில் இது விநாடிக்கு இருபது வரை நடக்கும். எங்கள் லைனில் விநாடிக்கு ஒன்று போனாலே சூப்பர்வைசர் சந்தோஷப்படுவார்.

இயந்திரம் இருக்கிறது என்பதும் அது செய்யும் வேலையும் எழுபதுகளிலேயே தெரிந்திருந்தன. அது எப்படி இருக்கிறது, எந்த அணு எங்கே நிற்கிறது என்பது தெரியவில்லை. அதைக் காண வேண்டுமானால் கோடிக்கணக்கான ரைபோசோம்களை ஒரே ஒழுங்கில் அடுக்கிப் பளிங்காக வளர்க்க வேண்டும், பிறகு அதனூடு எக்ஸ் கதிரைச் செலுத்திக் கிடைக்கும் புள்ளிகளிலிருந்து உருவத்தைக் கணிக்க வேண்டும். சிறிய பகுதியில் மட்டும் ஏறத்தாழ 1500 எழுத்துகள் கொண்ட ஒரு ஆர்என்ஏ இழையும் இருபது வரையான புரதங்களும் உண்டு. இவ்வளவு பெரிய, வளைந்து நெளியும் பொருள் பளிங்காகவே மாறாது என்று நம்பியவர்களே அதிகம். 1980இல் பேர்லினில் ஆதா யோனாத் என்ற இஸ்ரேலியப் பெண் விஞ்ஞானி பெரிய பகுதியின் முதற் பளிங்குகளை வளர்த்தபோது பலர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அந்தப் பளிங்கிலிருந்து அணுக்களைக் காணும் அளவுக்கு வர இருபது ஆண்டுகள் சென்றன. அந்த இருபது ஆண்டுகளுக்கு யார் சம்பளம் கொடுப்பது என்பதே இந்தத் துறையில் ஒருவருடைய வாழ்வைத் தீர்மானிக்கும் கேள்வி.

ராமகிருஷ்ணன் யேலில் இருந்த காலத்தின் முடிவில் விரிவுரையாளர் பதவி கேட்டு ஏறத்தாழ ஐம்பது இடங்களுக்கு விண்ணப்பித்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. எம்மவரில் வெங்கியின் பெயரைச் சொல்பவர்கள் இந்த ஐம்பதைப் பற்றிச் சொல்வதில்லை. எம்மில் பலர் சுப்பர்மார்க்கற் வேலைக்கும் காவலாளி வேலைக்கும் இந்த எண்ணிக்கையில் விண்ணப்பம் போட்டிருக்கிறோம். அந்த மூளையில் அன்றைக்கும் அதே சரக்குத்தான் இருந்தது, ஐம்பது இடத்திலும் அதை யாரும் காணவில்லை.

பல்கலைக்கழகம் எதுவும் எடுக்காதபடியால் 1982இல் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுகூடத்துக்குப் போனார். அங்கு தன் சொந்த ஆய்வுக்கு இடமில்லை என்று கண்டு ஒன்றேகால் ஆண்டில் புறப்பட்டு, 1983இல் நியூயோர்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுகூடத்தில் சேர்ந்தார். அங்கே 12 ஆண்டுகள். பேராசிரியர் அல்ல, ஊழிய விஞ்ஞானி. நியூத்திரன் கதிரைக் கொண்டு ரைபோசோமின் புரதங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று அளந்த அவரது பழைய முறையால் அணுவரை போக முடியாது என்பது அங்கே அவருக்குத் தெளிவாயிற்று. அதாவது பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கைப்பழக்கமான தொழிலை விட்டுவிட்டுப் புதிய தொழில் படிக்க வேண்டும்.

1991இல், 39ஆவது வயதில், ஓராண்டு விடுப்பும் குகன்ஹைம் உதவித்தொகையும் பெற்றுக்கொண்டு கேம்பிரிட்ஜில் உள்ள மூலக்கூற்று உயிரியல் ஆய்வுகூடத்துக்குப் பளிங்குவியல் பழகப் போனார். தன்னைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர்களிடம் கேட்டுக் கேட்டுப் பழகினார். இரண்டாவது முறை ஆரம்ப மாணவன். திரும்பி வந்து 1992இல் ரைபோசோமின் ஒரேயொரு சிறு புரதத்தின் அமைப்பைச் சக ஆய்வாளருடன் வெளியிட்டார். 1995இல்தான், 43ஆவது வயதில், யூட்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி கிடைத்தது.

நாலு ஆண்டில் அதையும் விட்டார். அமெரிக்காவில் ஆய்வுநிதியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எழுதிக் கேட்டுப் புதுப்பிக்க வேண்டும், முடிவு காட்டாவிட்டால் நிதி நின்றுபோகும். ரைபோசோமோ எப்போது முடிவு காட்டும் என்று சொல்ல முடியாத பொருள். கேம்பிரிட்ஜ் ஆய்வுகூடம் அரசின் மருத்துவ ஆய்வுக் கவுன்சிலின் நீண்டகால நிதியில் நடப்பது. சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று 1999இல் அங்கு குடிபெயர்ந்தார். அடுத்த ஆண்டு, 2000 செப்டெம்பரில், சிறிய பகுதியின் அணுவமைப்பை அவருடைய குழு வெளியிட்டது. ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்கிளின் போன்ற அன்ரிபயோட்டிக் மருந்துகள் பற்றீரியாவின் இந்த இயந்திரத்தில் எந்த இடத்தில் போய்ச் செருகிக்கொள்கின்றன என்பதையும் அவர்கள் காட்டினார்கள். 2009இல் யோனாத், தோமஸ் ஸ்டைட்ஸ் ஆகியோருடன் சேர்த்து இரசாயனவியலுக்கான நோபல் பரிசு.

அந்தக் கட்டுரையின் முதற்பெயர் ராமகிருஷ்ணனுடையது அல்ல, பிறயன் விம்பர்லி என்பவருடையது. இந்தத் துறையின் வழக்கப்படி வேலையைக் கையால் செய்த இளம் ஆய்வாளர் முதலிலும் குழுத்தலைவர் கடைசியிலும் நிற்பார்கள். நாம் கொண்டாடுவது எப்போதும் கடைசிப் பெயரை. நண்பர் மகன் இன்னும் பல ஆண்டுகளுக்கு முதற் பெயராகவோ நடுப்பெயராகவோ இருப்பான்.

பரிசு மூன்று பேருக்கு மேல் கொடுக்கப்படுவதில்லை. ஆகவே வெளியே நின்றவர்களையும் பார்க்க வேண்டும். ராமகிருஷ்ணனுக்கு ரைபோசோமை அறிமுகப்படுத்திய பீற்றர் மூர், ஸ்டைட்ஸுடன் சேர்ந்து பெரிய பகுதியின் அமைப்பைக் கண்டவர்; அவருக்குப் பரிசு இல்லை. வாழ்நாள் முழுவதும் ரைபோசோமுக்காகச் செலவிட்ட ஹரி நோலருக்கும் இல்லை. என்னை அதிகம் தொட்டது ரஷ்யர்களின் கதை. மொஸ்கோவுக்குத் தெற்கே புஷ்சினோ என்ற விஞ்ஞான நகரத்தில் ஒரு குழு, வெந்நீரூற்றில் வாழும் பற்றீரியா ஒன்றின் ரைபோசோமிலிருந்து 1987இலேயே சிறிய பகுதியின் பளிங்குகளை வளர்த்துவிட்டது. ராமகிருஷ்ணன் குழு பின்னாளில் மேம்படுத்திப் பயன்படுத்தியது அதே பற்றீரியாவின் அதே பகுதியைத்தான். ஆனால் 1991இல் சோவியத் ஒன்றியம் இல்லாமற்போயிற்று. நாடே இல்லாமற்போன பிறகு ஆய்வுகூடத்துக்கு நிதி ஏது? அக்குழுவைச் சேர்ந்த மராட் யூசுப்பவும் குல்னாரா யூசுப்பவாவும் மேற்கே போய் நோலருடைய ஆய்வுகூடத்தில் வேலைசெய்து, முழு ரைபோசோமின் அமைப்பை 2001இல் வெளியிட்டார்கள். பிறகு மராட் யூசுப்பவ் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் சொந்தக் குழு அமைத்தார். அவர்கள் எழுந்தார்கள். புஷ்சினோவில் தங்கிவிட்ட மற்றவர்களுடைய பெயர்கள் எத்தனை பேருக்குத் தெரியும்?

கேம்பிரிட்ஜ் ஆய்வுகூடம் ஏன் அவ்வளவு பொறுமையுடன் இருந்தது என்பதற்கும் ஓர் அகதியின் கதைதான் விளக்கம். மக்ஸ் பெருட்ஸ் 1914இல் வியன்னாவில் பிறந்த யூத வம்சத்தவர். 1936இல் கேம்பிரிட்ஜுக்குப் படிக்க வந்தார். 1938இல் ஹிட்லர் ஒஸ்திரியாவைப் பிடித்ததும் பெற்றோர் அகதிகளானார்கள், வீட்டுப் பணம் நின்றது. பேராசிரியர் பிராக் ரொக்கஃபெலர் நிறுவனத்திடம் உதவித்தொகை பெற்றுக்கொடுத்து அவரைக் காப்பாற்றினார். 1940இல் எதிரிநாட்டான் என்று இதே பிரித்தானியா அவரைப் பிடித்துக் கனடாவுக்குக் கப்பலேற்றியது, அடுத்த ஆண்டு திரும்ப விட்டது. இத்தனைக்கும் நடுவில் அவர் குருதியில் உள்ள ஹீமோகுளோபின் என்ற ஒரேயொரு புரதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். 1937இல் தொடங்கியது 1959இல் முடிந்தது. 22 ஆண்டுகள். 1962இல் நோபல் பரிசும் அந்த ஆய்வுகூடத்துக்குப் புதிய கட்டடமும் சேர்ந்து வந்தன. அதன் தலைவர் அவரே. மனைவி கிசெலா அங்குள்ள உணவுச்சாலையை இருபது ஆண்டுகள் வரை நடத்தினார், மாணவனும் நோபல்காரனும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். இராணுவப் புரட்சிக்குப் பிறகு ஆர்ஜென்ரீனாவை விட்டு 1963இல் வந்த செசார் மில்ஸ்டைனும் அந்த மேசையில் இருந்தவர்தான், அவருக்கு 1984இல் பரிசு.

இதற்கு எதிராக ஒரு வாதம் வரும் என்று தெரியும். ஐரோப்பா வராமலே செய்யலாமே, ஜி. என். ராமச்சந்திரன் சென்னையில் இருந்து செய்யவில்லையா என்று கேட்பார்கள். உண்மை. 1952இல், முப்பது வயதாகுமுன்பே அவரை அழைத்து ஒரு துறையையே ஒப்படைத்தார் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார். பக்கத்திலிருந்த தோல் ஆய்வு நிலையத்தின் துணையோடு 1954இல் கோபிநாத் கர்த்தாவுடன் கொலாஜன் என்ற புரதத்தின் முப்புரி அமைப்பை முன்வைத்தார். 1963இல் அவர் குழு வெளியிட்ட வரைபடம் அவர் பெயராலேயே உலகெங்கும் புரதப் பாடநூல்களில் இருக்கிறது. நானும் அதைக் கரும்பலகையில் கீறியிருக்கிறேன். ஆனால் அங்கும் முப்பது வயதுக்கு உட்பட்டவனிடம் துறையை நம்பிக் கொடுத்த ஒருவர் தேவைப்பட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

என்னுடைய கதையைச் சொல்லாமல் தப்பிக்க நினைத்தேன். அது நேர்மையாகாது.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். இளம் உதவியாளனாக நான் மண்ணிலிருந்து பிரித்தெடுத்த பங்கசுகளைக் குளிர்சாதனப்பெட்டி இல்லாதபடியால் ஈரமணல் நிரப்பிய மண்பானைக்குள் வைத்து வளர்த்தேன். 1995 ஒக்ரோபரில் ஊரே இடம்பெயர்ந்தபோது அந்தப் பானைகளை விட்டுவிட்டுக் குறிப்புப் புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தேன். திரும்பி வந்தபோது பானைகள் உடைந்திருந்தன. மறுபடி தொடங்கினேன், விரிவுரையாளன் ஆனேன், முதுமாணிப் பட்டமும் எடுத்தேன். பிறகு 2008இல் இங்கு வந்து சேர்ந்தேன். என் விண்ணப்பத்துக்கு முடிவு வர நாலு ஆண்டுகள். அதுவரை சட்டப்படி வேலை இல்லை, படிப்பதானால் வெளிநாட்டு மாணவருக்குரிய கட்டணம். 2012இல் அந்தஸ்துக் கிடைத்தபோது எனக்கு 43 வயது. ராமகிருஷ்ணன் பேராசிரியரான அதே வயது.

அந்த ஆண்டு நான் சில ஆய்வுகூடங்களுக்கு எழுதினேன். ஐம்பது அல்ல, ஏழு. ஒரு பேராசிரியர் அன்பாகப் பதில் எழுதினார். ஆறு மாதம் வந்து பழகலாம், சம்பளம் தர வழியில்லை, ஆனால் புதிய முறைகளைக் கற்றபின் ஏதாவது ஆய்வு உதவியாளர் பதவிக்குச் சிபாரிசு செய்யலாம் என்றார். நான் போகவில்லை. என்னை அனுப்பிய ஏஜென்சிக்குக் கொடுத்த கடன் இருந்தது, வீட்டு வாடகை இருந்தது, இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். அந்த ஆறு மாதம் என்னிடம் இல்லை என்று பத்து ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன். அது பாதி உண்மை. மற்றப் பாதி, இருபத்தைந்து வயதுப் பிள்ளை ஒன்றின் பக்கத்தில் நின்று, குழாயால் துளி எடுத்து விடுவதை முதலிலிருந்து பழக எனக்கு வெட்கமாக இருந்தது. தொழிற்சாலையில் யாரும் என்னை விரிவுரையாளனாக அறியமாட்டார்கள், ஆய்வுகூடத்தில் அறிவார்கள். அறியாத இடத்தில் தாழ்ந்து நிற்பது எனக்கு இலகுவாக இருந்தது.

எங்கள் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு அறை ஒன்று உண்டு. மேசையில் துடைத்தெடுத்த பஞ்சிலிருந்து ஒரு பெண் கண்ணாடித் தட்டுகளில் பற்றீரியா வளர்த்து எண்ணுகிறாள். கையுறை மாற்றப் போகும் வழியில் யன்னலால் பார்ப்பேன். ஒருமுறை அவள் எறிய வைத்திருந்த தட்டொன்றில் பச்சையாய் ஒரு பங்கசு படர்ந்திருந்தது. அதன் பேரினம் எனக்குத் தெரிந்திருந்தது. சொல்லவில்லை.

1933இல் ஹிட்லரால் துரத்தப்பட்ட கல்விமான்களுக்கு உதவப் பெவரிட்ஜ் முதலியோர் இந்நாட்டில் தொடக்கிய அமைப்பு 'காரா' என்ற பெயரில் இன்றும் இயங்குகிறது. ஆபத்திலுள்ள விரிவுரையாளர்களுக்குப் பல்கலைக்கழகங்களில் தற்காலிக இடம் தேடிக் கொடுப்பது அதன் வேலை. அப்படியொன்று இருக்கிறது என்று நான் அறிந்தபோது இங்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. இதை வாசிப்பவர்களில் அண்மையில் வந்த எவராவது இருந்தால் என்னைப் போலத் தாமதிக்க வேண்டாம்.

நண்பர் மகனை ஒரு ஞாயிறு ரூட்டிங்கில் தேநீர்க்கடை ஒன்றில் சந்தித்தேன். "அங்கிள், அப்பா உங்களை அனுப்பினவரோ?" என்று சிரித்தான். அனுப்பினவர்தான் என்றேன். வேண்டாமென்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. அவன் கலத்துக்குள் புரதங்கள் பிழையாக மடியும்போது என்ன நடக்கிறது என்று அரைமணி நேரம் விளங்கப்படுத்தினான். பாதி எனக்கு விளங்கவில்லை, 2008க்குப் பிறகு வந்த முறைகள். நான் கேட்டவை எல்லாம் வேறு. ஒப்பந்தம் முடியுமுன் நிதி நின்றால் என்ன? உன் குழுத்தலைவரிடம் முன்பு இருந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? கட்டுரையில் முதற்பெயர் யாருக்கு என்று பேசியாயிற்றா? பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வந்தபின் ஜேர்மனியில் உனக்கு அனுமதி எடுப்பது யார் பொறுப்பு? இரண்டாவதுக்கு மட்டும் அவனிடம் பதில் இருந்தது. ஐந்து பேரில் ஒருவர் சொந்தக் குழு நடத்துகிறார், இருவர் மருந்துக் கம்பனியில், ஒருவர் பள்ளிக்கூட ஆசிரியை, ஒருவரைப் பற்றி யாருக்கும் தெரியாது.

வியாழன் இரவு லைனில் நண்பர் கேட்டார். "என்ன சேர், சொல்லிப் போட்டியளோ?"

"மூளையில பிழை இல்லை," என்றேன். "ஒப்பந்தக் கடிதம் வந்தா ஞாயிறு வீட்ட கொண்டுவரச் சொல்லுங்கோ. நீங்களும் வாங்கோ, மூண்டு பேருமா இருந்து வாசிப்பம்."